காய்ச்சல் அறையில் ஒரு கட்டில்

நான் வேலை பார்த்த பள்ளியில் கர்ப்பமாக இருக்கும் டீச்சர்களுக்கு என்று ஒரு சலுகை இருந்தது. எழுதி வைத்த விதி எதுவும் கிடையாது. எங்கள் தலைமையாசிரியை மேடமின் நல்ல மனசுதான் அது. வயிறு தெரிய ஆரம்பித்ததும் மாடி வகுப்புகளை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு, அந்த டீச்சரைத் தரைத்தளத்தில் இருந்த சிக் ரூமில் உட்கார வைத்துவிடுவார். அங்கே ஒரு இரும்புக் கட்டில், ஒரு மின்விசிறி, பக்கத்திலேயே கழிப்பறை. முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வரும் பிள்ளைக்கு மருந்து போட வேண்டும். வயிற்றுவலி என்று வந்தால் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். மற்ற நேரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து நோட்டுத் திருத்தலாம்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் ஜூனில் பள்ளி திறந்தபோது அந்தக் கட்டில் எனக்குக் கிடைத்தது. கணக்கு டீச்சரான எனக்கு மூன்றாவது மாடியில்தான் வகுப்புகள். அதற்கு முன்பு ஒரு குழந்தை ஐந்தாம் மாதத்தில் கலைந்து போயிருந்தது. மாடிப்படியால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. நானாகவே அப்படி நம்பிக்கொண்டிருந்தேன். அதனால் இந்த முறை நானே போய் மேடமிடம் கேட்டேன். ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த மராட்டிக்கார அம்மா அவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "முதலிலேயே சொல்வதற்கென்ன?" என்று கடிந்துகொண்டு, அன்றைக்கே டைம்டேபிளை மாற்றினார். புனேயில், கட்கியில் இருந்த பள்ளியிலிருந்து போபோடியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்வரை நிம்மதியில் அழுதுகொண்டே வந்தேன்.

ஆகஸ்டில் பன்றிக் காய்ச்சல் வந்தது. புனேயில் ஒரு பள்ளிக்கூடத்துச் சிறுமி இறந்துபோனாள் என்று டிவியில் சொன்னார்கள். அதற்கப்புறம் ஊர் முகமே மாறிவிட்டது. எங்கள் சந்திலிருந்த மருந்துக் கடையில் மாஸ்க் தீர்ந்துபோய், கடைக்காரர் கையை விரித்தார். ஆண்கள் கைக்குட்டையை முக்கோணமாக மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போனார்கள். கற்பூரத்தையும் ஏலக்காயையும் துணியில் முடிந்து ஆளாளுக்கு மோந்துகொண்டு திரிந்தார்கள். என் வீட்டுக்காரரும் இரண்டு முடிச்சு வாங்கி வந்தார். ஒன்று அவர் சட்டைப்பையில் பக்கத்துத் தாபோடிக்கு வேலைக்குப் போயிற்று. இன்னொன்றை என் சேலை முந்தானையில் முடிந்துகொண்டேன். கர்ப்பிணிகளுக்கு வந்தால் ஆபத்து அதிகம் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தை அவர் எனக்குத் தெரியாமல் எடுத்து ஒளித்தார். அதற்குள் நான் படித்திருந்தேன்.

பள்ளிகளை மூடினார்கள். அந்த நாட்களில் நான் வாசலைத் தாண்டவில்லை. பால்காரர் இருமினால் பாலைக் கீழே ஊற்றிவிடலாமா என்று யோசித்தேன். மறுபடி திறந்தபோது மேடம் எங்களை எல்லாம் கூப்பிட்டு ஒரு விதி சொன்னார். எந்தப் பிள்ளைக்காவது உடம்பு சுட்டால், இருமினால், மூக்கு ஒழுகினால் உடனே வகுப்பைவிட்டு வெளியே எடுத்து, பெற்றோர் வரும்வரை சிக் ரூமில் வைக்க வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். சிக் ரூமில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. வாயைத் திறக்கத்தான் முடியவில்லை. கேட்டு வாங்கிய இடம் அது.

முதல் நாளே கட்டில் நிரம்பி, தரையில் பாய் விரிக்க வேண்டியதாயிற்று. அந்த அறைக்கு ஒரே ஜன்னல். மழைக்காலத்தில் மரம் ஊதிப்போய் அது திறக்கவே திறக்காது. பிள்ளைகள் இருமும் ஒவ்வொரு தடவையும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். அது ஈரமாகி வாயில் ஒட்டிக்கொண்டே இருந்தது. மாவுஷி என்று நாங்கள் கூப்பிடும் பள்ளி ஆயாம்மா வாசலோடு நின்று பிள்ளைகளை உள்ளே தள்ளிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் வீட்டில் பேரப்பிள்ளைகள்.

இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. அம்மா ஃபேக்டரியில் வேலை. ஷிஃப்ட் முடியாமல் வர முடியாது. பாயில் படுக்கச் சொன்னேன். படுக்கவில்லை. நேராக வந்து என் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தள்ளிவிடு என்றது மனம். கை அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தது. முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது வயிற்றில் குழந்தை உதைத்தது. சிறுமி சட்டென்று தலையைத் தூக்கினாள்.

"டீச்சர், உள்ளே யாரோ இருக்காங்க" என்றாள் இந்தியில், கண் நிறைய காய்ச்சலோடு. பிறகு அந்த இடத்திலேயே காதை வைத்து இருமினாள்.

அவள் அம்மா வந்து கூட்டிப்போன பிறகு, குழாயடியில் நின்று கையையும் முகத்தையும் சேலையின் முன்பக்கத்தையும் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். ஈரச்சேலையோடு மேடம் அறைக்குப் போனேன்.

"மேடம், என்னை வேற எங்கயாவது உட்கார வைங்க. பயமா இருக்கு."

அவர் முகம் சுருங்கியது. "மாடி ஏற முடியாதுன்னு சொன்னே. உனக்காகத்தானே அந்த ரூம் கொடுத்தேன்? ஸ்டாஃப் ரூம் இரண்டாவது மாடியில. கீழே இருக்கிறது எல்லாம் சின்னப் பிள்ளைங்க கிளாஸ். இங்கேயும் வேண்டாம்னா எங்கேம்மா உட்காருவே?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. "சரி மேடம்" என்று திரும்பிவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "நாளைக்கே லீவு போடு. வேலையே போனாலும் போவட்டும்."

"இப்பவே பிரசவ லீவை எடுத்தா, பிள்ளை பொறந்து கையில இருக்கும்போது லீவு தீந்துடுமே, என்னங்க பண்றது?"

"பொறக்கணும் இல்ல முதல்ல?" என்றார். சொன்னதும் அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். மறுநாளும் நான் சிக் ரூமுக்குத்தான் போனேன்.

அந்த வாரக் கடைசியில் எனக்குத் தொண்டை கரகரத்தது. மறுநாள் காலையில் எழுந்திருக்கும்போதே உடம்பு முறித்துப் போட்டது போல வலித்தது. தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் ரிக்‌ஷா பிடிக்க ஓடினார். பரிசோதனை நடந்த அரசாங்க ஆஸ்பத்திரியில் தார்ப்பாய் கட்டி, அதன் கீழே ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். மழை வேறு. முன்னால் நிற்பவர் இருமுகிறார், பின்னால் நிற்பவர் இருமுகிறார். எனக்கு வெறும் சளிக்காய்ச்சலாக இருந்தால்கூட இந்த வரிசையிலேயே அது வந்துவிடும் என்று நினைத்தேன். வயிற்றின் மேல் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு நின்றேன், கையால் மறைத்தால் கிருமி உள்ளே போகாது என்பது போல.

ஒரு சின்ன வயசு டாக்டர் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார். தூங்கிப் பல நாளான கண்கள். தனியே கூட்டிப்போய் ஒரு நாற்காலி போட்டார்.

"எத்தனையாவது மாசம்?"

"ஆறு முடியப்போகுது."

"வேலைக்குப் போறீங்களா?"

"ஸ்கூல்ல. சிக் ரூம் டியூட்டி."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "கர்ப்பிணியைக் காய்ச்சல்காரப் பிள்ளைங்களோட உட்கார வச்சிருக்காங்களா?"

"இல்ல டாக்டர். அது எனக்காகப் பாத்துக் கொடுத்த இடம். அங்க கட்டில் இருக்கு" என்றேன். மேடமை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு எடுத்தார்கள். முடிவு வரும்வரை காத்திருக்காமல் மாத்திரையைத் தொடங்கச் சொன்னார். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். போன தடவை குழந்தை கலைந்தபோது, நான் தலைவலிக்குப் போட்ட மாத்திரையால்தான் என்று உறவில் ஒருத்தி சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. விழுங்கினால் குழந்தைக்கு என்ன ஆகும்? விழுங்காவிட்டால் எனக்கு என்ன ஆகும்? எனக்கு ஏதாவது ஆனால் அதற்கும்தானே. என்னைப் பார்க்கும் பிரசவ டாக்டருக்கு வீட்டுக்காரர் போன் போட்டு என் காதில் வைத்தார். "யோசிக்காதே, போடு. காய்ச்சலுக்குத்தான் பயப்படணும், மாத்திரைக்கு இல்லை" என்றார் அந்த அம்மா. வீட்டுக்காரர் தண்ணீரை நீட்டினார். விழுங்கினேன்.

அடுத்த இரண்டு நாள் குழந்தையின் அசைவு குறைந்துபோயிருந்தது. நான் அசந்து கிடந்ததால் எனக்குத் தெரியவில்லையோ என்னவோ. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வயிற்றைத் தட்டித் தட்டிப் பார்ப்பேன். "அசையுதா?" என்று அறை வாசலில் நின்று கேட்பார் அவர். என் பக்கத்தில் வரக் கூடாது என்று நான் சத்தியம் வாங்கியிருந்தேன். "ம்" என்பேன், அசையாவிட்டாலும். மூச்சு கொஞ்சம் இழுத்தால்கூட, இதுதானா, இப்படித்தான் ஆரம்பிக்குமா என்று தோன்றும். மூன்றாம் நாள் மத்தியானம், வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் விலாப் பக்கம் ஒரு உதை விழுந்தது. வலித்தது. வாய்விட்டுக் கத்தினேன். அவர் சத்தியத்தை மறந்து உள்ளே ஓடிவந்துவிட்டார்.

பரிசோதனை முடிவு அதற்குப் பிறகுதான் வந்தது. பன்றிக் காய்ச்சலேதான். அவர் பள்ளிக்குப் போன் செய்து சொன்னார்.

அன்று சாயங்காலம் மேடம் வந்தார். எங்கள் சந்தில் தேங்கிய தண்ணீரைத் தாண்டி, குடையோடு, மாஸ்க்கோடு, வாசலுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே கூப்பிட நான் தயங்கினேன், அவரும் வரவில்லை. நான் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

"நானே உன்னை அங்கே உட்கார வச்சேன்" என்றார். "நீ வந்து சொன்னப்போ எனக்கு உறைக்கலை. கட்டில் இருக்கு, ஃபேன் இருக்குன்னுதான் நினைச்சேன். இப்போ சொல்லு. என்ன செய்யணும்?"

நான் படுக்கையில் கிடந்த நாளெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். அந்த ஜன்னலை உடைத்தாவது திறக்க வேண்டும். காய்ச்சல் பிள்ளைகளை வெளி வராந்தாவில் பெஞ்ச் போட்டுத் தள்ளித் தள்ளி உட்கார வைக்கலாம். நான் மாடி ஏற முடியாது, ஆனால் என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இறங்கி வரலாமே. கீழே சின்னப் பிள்ளைகள் படம் வரையும் பெரிய அறையில் கணக்குப் பாடத்தை நடத்திக்கொள்கிறேன். மேடம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"வராந்தாவுல யாரு இருப்பாங்க மேடம்?" என்று கேட்டேன். என்னைப் போலவே இன்னொரு டீச்சருக்கும் அப்போதுதான் நாள் தள்ளிப்போயிருந்தது எனக்குத் தெரியும்.

"நான் இருக்கேன். எனக்கென்ன, பிள்ளையா பொறக்கப்போகுது?" என்றார்.

சொன்னபடியே இருந்தார். டாக்டர் அனுமதித்த பிறகு நான் திரும்பிப் போனபோது, வராந்தாவில் அவர் மேஜை கிடந்தது. மழைச்சாரலில் ஃபைல்களின் மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு, இருமும் பிள்ளைகளுக்கு அவரே தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்து கையை அசைத்து, "இந்தப் பக்கம் வராதே, போ" என்றார். அந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி தேறி, வகுப்புக்கு வந்துவிட்டாள் என்றும் அங்கிருந்தே கத்திச் சொன்னார்.

பயம் அதோடு போய்விடவில்லை. பிரசவம்வரை ஒவ்வொரு ஸ்கேனிலும் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நவம்பரில் பெண் பிறந்தாள். எடை கொஞ்சம் குறைவு. மற்றபடி ஒன்றுமில்லை என்றார்கள். நான் நம்பவில்லை. துணியைப் பிரித்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். குளிரில் அவள் ஒரு தும்மல் போட்டாள். நான் பதறி நர்ஸைக் கூப்பிட, அந்த நர்ஸ் சிரித்துவிட்டு, "பிறந்த குழந்தை எல்லாம் தும்மும், அம்மா. முதல்ல போர்த்து" என்றாள்.