இவ்வளவு நல்ல ஆமி

என் மகள் கனடா இராணுவத்தில் சமையல்காரி. இந்த ஒரு வரிக்குள் எங்கள் வீட்டுக்கு இரண்டு இடிகள் இருக்கின்றன. மனைவியும் நானும் அவற்றைப் பங்கு போட்டுக்கொண்டோம். சமையல்காரி என்பதற்கு அவள் அழுதாள், இராணுவம் என்பதற்கு நான்.

அவள் அழுததில் நியாயம் உண்டு. யாழ்ப்பாணத்தில் வணிகம் படித்த நான், பாரிஸுக்கு வந்து ஓர் உணவகத்தின் நிலவறையில் கோப்பை கழுவி, பிறகு வெங்காயம் வெட்டி, கடைசியில் அடுப்படிக்குப் பதவி உயர்ந்தவன். பிள்ளை கரண்டி பிடிக்கக்கூடாது என்றுதான் இத்தனையும். கணக்கியல் படிக்கவென்று அவளை மொன்றியலில் இருக்கும் என் தங்கையிடம் அனுப்பினோம். நிரந்தர வதிவிட உரிமை கிடைத்த கையோடு அவள் கணக்கை மூடிவைத்துவிட்டு, பச்சைச் சீருடை போட்டுக்கொண்டு, கரண்டியைப் பிடித்தாள். கேட்டதற்கு, தனக்குக் கணக்குப் பிடிக்காது, சமையல் பிடிக்கும், வெட்டவெளி பிடிக்கும், இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் வேறில்லை என்றாள். கரண்டிதான் பிடிப்பதென்றால் இங்கே பாரிஸில், எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலிலேயே பிடித்திருக்கலாமே என்றாள் மனைவி. விமானச் செலவாவது மிஞ்சியிருக்கும்.

லாச்சப்பலில் மரக்கறி வாங்கும்போது யாராவது விசாரித்தால், மகளுக்குக் கனடாவில் அரசாங்க வேலை என்பேன். பொய்யில்லை. பென்ஷன் உண்டா என்பார்கள். உண்டு. பல் வைத்தியத்துக்குக் காசு கொடுப்பார்களா? கொடுப்பார்கள். இருக்க இடம்? அதுவும் கொடுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட வேலைக்கு உடனே இரண்டு சாதகங்கள் வந்தன. அதில் ஒரு மாப்பிள்ளையின் தாய், பிள்ளை சமைப்பாளா என்று மட்டும் கவலையோடு கேட்டார். ஒரே நேரத்தில் ஐந்நூறு பேருக்குச் சமைப்பாள் என்று சொல்ல வாய்வரை வந்தது.

என் பங்குக்கு வந்த சொல் வேறு மாதிரியானது. ஊரில் இராணுவத்தை நாங்கள் ஆமி என்போம்; அது எங்கள் தலைமுறைக்கு ஓர் உத்தியோகம் அல்ல. தெருமுனையில் நாய்கள் குரைக்கத் தொடங்கினால் விளக்கை அணைக்கவேண்டும், அவ்வளவுதான் அதன் பொருள். கார் து நோர் ரயில் நிலையத்தில் துப்பாக்கியோடு ரோந்து வரும் பிரெஞ்சுச் சிப்பாய்களைக் கண்டால் இன்றைக்கும் நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். அவர்கள் என் மகளின் வயதுப் பொடியன்கள், பிரான்சின் குடிமகனான என்னையும் சேர்த்துத்தான் காக்கிறார்கள் என்பது மூளைக்குத் தெரியும். கால்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. மகள் சிறுமியாக இருந்தபோது ஏன் என்று கேட்காமலே என்னோடு சேர்ந்து பக்கம் மாறுவாள்.

அவள் சொல்லும் இராணுவ வாழ்க்கையைக் கேட்டால் எனக்குத் தெரிந்த ஆமியாகவே இல்லை. விடிய முன் எழும்பி, கட்டில் விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்து, பனிக்குள் நிற்கும் சமையல் லொறியில் முட்டை பொரிப்பாள். துப்பாக்கியும் உண்டு. கரண்டியைக் கழுவிய பிறகு அதையும் துடைக்கவேண்டும். இதுவரை அவள் சந்தித்த எதிரிகள் ஈரக் காலுறையும், உறைந்துபோன தண்ணீர்க் குழாயும்தான். அவளுடைய முகாமில் நடந்த ஒரே மோதல் அப்பத்துக்கு ஊற்றும் மேப்பிள் பாணி முடிந்த காலையில் நடந்தது. இதையெல்லாம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு நான் ஓரளவு தேறிவந்தபோதுதான், லற்வியாவுக்குப் போகும் படையில் அவளுடைய பெயரும் வந்தது. தேசப்படத்தில் பார்த்தேன். ரஷ்யாவுக்குப் பக்கத்து வீடு.

அன்று பின்னேரமே ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் மேல்முனையில், ஒரு சேலைக்கடைக்கு மேலே இருக்கும் கேஸ் எழுதுகிறவரிடம் போனேன். எங்களில் பாதிப்பேரின் அகதி மனுக்களை எழுதியவர் அவர். என்னுடையதையும்தான். மகளைப் படையிலிருந்து விடுவிக்கச் சொல்லி அவளுடைய முகாமின் தளபதிக்கு ஒரு கடிதம் வேண்டும் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழகிய ஒழுங்கில் தொடங்கினார்.

"எத்தினை பேர் வந்தவை?"

ஒருவரும் வரவில்லை என்றேன்.

"அப்ப பிள்ளையை எப்பிடிக் கொண்டுபோனவை?"

அவளாகவே இணையத்தில் விண்ணப்பித்தாள். கண், காது, பல் எல்லாம் பார்த்து, மாதக்கணக்கில் காக்கவைத்துத்தான் எடுத்தார்கள் என்றேன்.

"அடிச்சவையோ?"

"இல்லை அண்ணை. காலுக்கு அளவெடுத்துச் சப்பாத்துக் குடுத்தவை."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "தம்பி, இவ்வளவு நல்ல ஆமியை வைச்சு நான் என்னத்தை எழுதுறது?"

ஆனாலும் வந்தவனை வெறுங்கையோடு அனுப்ப அவருடைய தொழில் இடங்கொடுக்கவில்லை. நாளைக்கு வா என்றார். மறுநாள் போய்க் கையெழுத்து வைத்தேன். நான் அதை வாசிக்கவில்லை. படித்தவன், பிரெஞ்சும் தெரியும், என்றாலும் தன் கேஸைத் தானே வாசிக்கும் வழக்கம் எங்களுக்குள் இல்லை. என்னுடைய பழைய கேஸையும் நான் இன்றுவரை வாசித்ததில்லை. அதில் எழுதியிருப்பது நடந்தது என்பதால் அதற்குத் துணிவு வரவில்லை.

சில கிழமைகளில் மகள் விடுமுறையில் வந்தாள். மார்க்ஸ் டோர்மோயில் உள்ள எங்கள் வீட்டுக் குசினி மேசையில் சோற்றுக்கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுக் கடிதத்தின் பிரதியை விரித்தாள். அவள் பிரெஞ்சில்தான் கோபப்படுவாள். அன்று நிதானமாகத் தமிழில் சொல்லிக்காட்டியதால் எனக்குப் பயமாக இருந்தது.

என் ஒரே மகள் இராணுவத்தினரால் வெங்காயம் வெட்டுவிக்கப்படுவதாக அதில் எழுதியிருந்தது. அவள் லற்வியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டால் அவளது உயிருக்கு ஆபத்து என்றிருந்தது. லற்வியாவை அவள் வாழ்க்கையில் கண்டதே இல்லை. கடைசிப் பந்தியைக் கேஸ் எழுதுகிறவர் கைப்பழக்கத்தில் அப்படியே விட்டிருந்தார். ஆகவே கருணைகூர்ந்து எனக்கு அரசியல் தஞ்சமும் வேலை செய்யும் உரிமையும் வழங்குமாறு, கியூபெக்கில் உள்ள ஒரு படைமுகாமின் தளபதியை நான் தாழ்மையுடன் வேண்டியிருந்தேன்.

மனைவி குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவிய சட்டியை இன்னொருமுறை கழுவத் தொடங்கினாள். அவளுடைய முதுகு குலுங்கியது. சிரிக்கிறாள் என்றுதான் நினைக்கிறேன்.

"கப்டன் என்னைக் கூப்பிட்டவ," என்றாள் மகள். "என்னைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை. உன்ரை அப்பா எங்கை இருக்கிறார், ஏதும் ஆபத்திலையோ எண்டுதான் கேட்டவ."

"நீ என்ன சொன்னனி?"

"பாரிஸில இருக்கிறார். பயந்துகொண்டிருக்கிறார் எண்டன்."

பிறகு விடயத்துக்கு வந்தாள். தகப்பனுக்கு மனது சரியில்லை, மகள் பக்கத்தில் வேண்டும் என்றால் இந்தமுறை அவளுடைய பெயரை எடுத்துவிட்டு வேறொருவரை அனுப்புவார்களாம். திரும்பிப்போனதும் பதில் சொல்லவேண்டும். அவளுக்குப் போகத்தான் விருப்பம். அவளுடன் பயின்றவர்கள் எல்லோரும் போகிறார்கள். ஆனால் நான் சுகமில்லாதவன் என்றால் நிற்பாள்.

"நீங்கள் சொல்லுங்கோ அப்பா. சுகமோ, இல்லையோ?"

கேஸ் எழுதுகிறவரே தோற்றுப்போன இடத்தில் கேஸ் வென்றுவிட்டது. நான் ஓம், சுகமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய்யும் இல்லை. அவள் நின்ற மிச்ச இரண்டு நாளும் அந்த வார்த்தையை வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். அவளோ அதைப் பற்றி மறுபடி கேட்காமல், தாயின் மிளகாய்த்தூள் கனடாத் தூளைவிட ஏன் உறைப்பு என்று ஆராய்ந்துகொண்டிருந்தாள். ஐந்நூறு பேருக்கு எவ்வளவு போடலாம் என்று என்னிடம்தான் கேட்டாள். அளவைச் சொன்னபோது ஒரு பெரியவரிடம் கேட்பதுபோல் தலையாட்டிக் கேட்டாள். இத்தனை வருட அடுப்படியில் அப்படி என்னிடம் யாரும் கேட்டதில்லை.

விமான நிலையத்துக்கு ரயிலேற்ற கார் து நோருக்கு அவளோடு நடந்தேன். அவளுடைய பை என் தோளில். உள்ளே போய்க் கொஞ்சத் தூரத்தில் ரோந்து எதிரே வந்தது. மூன்று பேர், துப்பாக்கி மார்புக்குக் குறுக்கே. மகள் என் கையைப் பிடித்து, சிறுவயதில் போலவே, பேசாமல் எதிர்ப்பக்கம் திரும்பினாள். சுகமில்லை என்பதுதான் என் பதில் என்று அவள் அந்தக் கணத்தில் முடிவுசெய்துவிட்டாள் என்று எனக்கு விளங்கியது.

நான் திரும்பவில்லை. நேரே நடந்தேன். சுகதேகியான ஒரு தகப்பன் எப்படி நடப்பானோ அப்படி, கழுத்தை நிமிர்த்தி, கையை வீசி. வீச்சுக் கொஞ்சம் கூடிவிட்டது போல. அணிவகுப்பு மரியாதையை ஏற்பவன்போல் நடந்துவரும் ஒரு நடுவயதுத் தமிழனை மூன்று பேரும் நின்று பார்த்தார்கள். முன்னால் நின்றவனுக்கு நாடியில் ஒரு பரு. அவன் "போன்ஜூர் மிஸ்யூ" என்றான்.

என் கை தானாகவே சட்டைப்பைக்குள் போய், அடையாள அட்டையை எடுத்து, இரண்டு கைகளாலும் அவனிடம் நீட்டியது.

அவன் குழம்பிப்போனான். தேவையில்லை ஐயா, வணக்கம்தான் சொன்னேன் என்றான். பின்னால் நின்றவன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டான். மகள் வந்து அட்டையை என் விரல்களிலிருந்து மெதுவாக எடுத்து என் பையில் போட்டாள். அவர்களிடம் காலையிலிருந்து நிற்கிறீர்களா என்று கேட்டாள். ஆறு மணியிலிருந்து என்றான் பரு வைத்தவன். கால் நோகுமே என்றாள். அவன் முதல்முறையாகச் சிரித்தான். அப்போதுதான் நானும் ஒரு சிப்பாயின் பல்லைப் பார்த்தேன். ஒன்று கோணலாக இருந்தது.

படிக்கட்டு வாசலில் பையை வாங்கிக்கொண்டாள்.

"கை நடுங்குது அப்பா."

"பை பாரம்," என்றேன். "எனக்கு ஒரு குறையும் இல்லை. போய் அவைக்குச் சொல்லு."

அவள் என்னை நம்பவில்லை. நம்பியதுபோல் தலையாட்டினாள்.

இப்போது லற்வியாவில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் கோழிக்கறி, என்னுடைய அளவில். லாச்சப்பலில் கேட்பவர்களிடம், மகளுக்கு ஐரோப்பாவுக்கு மாற்றலாகிவிட்டது என்கிறேன். கிட்டத்தானே வந்துவிட்டா, இனி உங்களுக்குக் கவலையில்லை என்கிறார்கள். ஓம் என்கிறேன். இரவில் தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறேன். வேலை முடிந்து கார் து நோர் வழியாக வரும்போது, பக்கம் மாறாமல் நடந்து பார்க்கிறேன். சில நாட்களில் முடிகிறது.