காலேஜ் அடுப்படியில் தொங்கிய பை

போன மாதம் பேத்திக்கு மதுரையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவள் போகவேண்டிய மாநாடு ஒரு பழைய காலேஜில் நடக்கிறதாம். தங்குவதற்கும் அங்கேயே அறை. கடிதத்தில் படம் போட்டிருந்தார்கள். கல் வளைவைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"இந்தக் காலேஜுல நானும் இருந்திருக்கேன்" என்றேன். சிரித்தாள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு.

ஐம்பதுகளில் குரங்கணிக்கு மேலே மலையில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் உலர்த்துவது என் வேலை. கோடை விடுமுறையில் பையன்கள் ஊருக்குப் போனபின், தோட்டக்காரர்கள் அந்தக் காலேஜில் மாநாடு கூட்டினார்கள். விருதுநகர் வியாபாரி ஒருவர் அங்கே காய் பார்த்து வாங்க வருகிறார் என்று பேச்சு. முதலாளி பச்சை மாறாத காயாக ஒரு பை எடுத்துக்கொண்டார். உலர்த்தியவன் என்று என்னையும் கூட்டிப்போனார்.

எனக்கும் ஒரு அறை கொடுத்தார்கள். இரும்புக் கட்டில், மேஜை, சுவரில் எவனோ போட்ட கணக்கு. கட்டிலில் உட்கார யோசனையாக இருந்தது. தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

சாயங்காலம் மழை பிடித்தது. மலையில் மழை என்றால் காய்ப்பையை அடுப்புக்கு மேலே கட்டுவோம். ஈரம் ஏறினால் பச்சை போய்விடும். யாரையும் கேட்கவில்லை. காலேஜ் அடுப்படிக்குப் போய் உத்தரத்து ஆணியில் பையை மாட்டினேன்.

சமையல்காரர் பார்த்தார். "என்னப்பு, எங்க சாம்பாருக்கு மணம் பத்தலையா?"

"காயி நனையக் கூடாதுண்ணே."

எங்கள் அடுப்பில் கஞ்சி மட்டும் கொதிக்கும். அங்கே மாநாட்டுக்கே சாம்பார் கொதித்தது. காலையில் அவிழ்த்தேன். பச்சை அப்படியே இருந்தது. மணம் பெருங்காயம்.

முதலாளியிடம் சொன்னேன். "ஒரு வருசப் பாடுடா" என்றார். பையை மறுபடி கட்டி எடுத்துக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

மண்டபத்தில் வியாபாரி ஒரு காயை மோந்தார். முகம் சுளித்தார். "ஏலக்காயா, ரசப்பொடியா?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் முன்னால் போனேன். "தப்பு என்னுதுய்யா. அடுப்படியில கட்டிட்டேன். தோலுலதான் ஏறியிருக்கு. ஒடச்சு வாயில போடுங்க."

உடைத்தார். உள்ளே கறுத்த அரிசி, நன்றாக விளைந்த விதை. மென்றார். இன்னொரு காயையும் எடுத்து உடைத்தார்.

"தோட்டத்துக் காயி பூராவும் எனக்கு. இவனை மட்டும் அடுப்படிப் பக்கம் விடாதீய."

முதலாளிதான் முதலில் சிரித்தார். மத்தியானம் சமையல்காரர் எனக்கு இன்னொரு டம்ளர் பாயசம் ஊற்றினார். "பயப்படாம குடி அப்பு. ஒங்க காயைப் போடல."

பேத்தி போய்விட்டு வந்தாள். அறையில் ஏசி, எல்லாம் சௌகரியமாம். அடுப்படி எப்படி என்று கேட்டேன்.

"அடுப்படியே இல்ல தாத்தா. சாப்பாடு வேன்ல வருது."

மலையிலும் காயை இப்போது மிஷின் உலர்த்துகிறது. மழைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ஓட ஆள் வேண்டியதில்லை. நல்லதுதான். மழை பிடித்தால் என் கண் மட்டும் இன்னும் உத்தரத்தில் ஆணி தேடுகிறது.