கண்ணாடி அறையில் இரண்டு பேர்

பேருந்து நிலையத்தில் அவரை எல்லோரும் மைக் என்றுதான் கூப்பிட்டார்கள். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்தப் பேருந்து எந்த மேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவர் வேலை. நல்ல குரல். பேருந்து தாமதம் என்று அவர் சொன்னால் யாருக்கும் கோபம் வராது.

கூடவே வலிப்பும் இருந்தது. எந்த மருந்துக்கும் மசியாத வலிப்பு. ஒருமுறை ஒலிவாங்கி திறந்திருக்கும்போதே விழுந்துவிட்டார். அவர் பல்லைக் கடித்தது எல்லா மேடைகளிலும் கேட்டது. அதன் பிறகுதான் நரம்பு டாக்டர் அவர் நெஞ்சில், சட்டைப் பைக்கு நேர் பின்னால், தோலுக்கடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவியை வைத்தார். அதிலிருந்து ஒரு கம்பி கழுத்து நரம்புக்குப் போனது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது நரம்பைச் சுண்டும். காந்தம் பக்கத்தில் வந்தால் மட்டும் கருவி தூங்கிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். மனைவி அன்றே பிரிட்ஜ் கதவிலிருந்த காந்தக் கிளியைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டாள்.

வலிப்பு நின்றது. ஆனால் சுண்டும்போதெல்லாம் அரை நிமிடம் குரல் கட்டிக்கொண்டது. “மூன்றாவது மேடையில்” என்று தேனாகத் தொடங்குவது, “புறப்படத் தயாராக உள்ளது” என்று முடியும்போது ஓட்டைத் தகரமாகியிருக்கும். உள்ளே இரண்டு பேர் இருப்பதாகப் பயணிகள் முடிவுகட்டினார்கள். “அந்தப் பெரியவர ஏன் சார் இந்த வயசுல வாட்டுறீங்க?” என்று ஜன்னலுக்கு வந்து சண்டை பிடித்தவர்களும் உண்டு.

நிலைய அதிகாரி கடைசியில் கூப்பிட்டுச் சொன்னார்.

“மைக்கண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த மாசம் பதிவு பண்ண குரல் வருது. பொண்ணு குரல். அதுக்குத் தொண்டையே கிடையாது.”

“அப்ப நான்?”

“கழிப்பறை வாசல்ல டோக்கன் குடுக்க ஆள் இல்ல. அங்க பேசவே வேண்டாம்.”

அந்த நேரத்தில்தான் மாநாடு வந்தது. நரம்பைச் சுண்டி நோயைத் தணிக்கும் கருவிகள் பற்றிப் பல ஊர் விஞ்ஞானிகள் கூடிப் பேசும் மாநாடு. குரல் கட்டாமல் சுண்ட ஒரு வழி தேட வேண்டும் என்பது டாக்டரின் வாதம்.

“நீங்க மேடையில சும்மா பேசிட்டே இருங்க. குரல் உடையுறத அவங்க காதால கேக்கணும். கேட்டாத்தான் மசிவாங்க.”

வாசலில் வரவேற்புப் பெண் ‘நோயாளி’ என்று அச்சிட்ட அடையாள அட்டையைக் கொடுத்தாள். அதற்கு ஊசி இல்லை. துணிக்குப் பின்னால் ஒரு சின்னப் பட்டையை வைத்ததும் அட்டை டப்பென்று ஒட்டிக்கொண்டது.

“சட்டையில ஓட்டை விழாதுங்க.”

கூட வந்திருந்த மனைவிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. கோணலாக இருந்ததைச் சரியாகப் பைக்கு மேலே நகர்த்தி நிமிர்த்திவிட்டாள்.

மேடையில் அவர் பேசத் தொடங்கினார். டாக்டர் கையை உயர்த்தி, “இதோ, இப்ப உடையும்” என்றார். அரங்கமே மூச்சைப் பிடித்தது. உடையவில்லை. “இதோ.” அதுவும் இல்லை. குரல் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. பிறந்தது, படித்தது, பெண் பார்த்தது, மாமனார் முறைத்தது எல்லாம் சொல்லித் தீர்ந்தது. டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் மைக் பேருந்துகளை அறிவிக்கத் தொடங்கினார். முன்வரிசை விஞ்ஞானி ஒருவர் பழக்கதோஷத்தில் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மேடையில் பேசியவருக்கோ உள்ளுக்குள் குதூகலம். எத்தனை நாளாயிற்று, இந்தக் குரலை இப்படி முழுசாகக் கேட்டு! டோக்கன் கவுண்டர் கண்ணைவிட்டு மறைந்தது. சொல்ல இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று குறிப்புத் தாள்களை நெஞ்சருகே தூக்கிப் புரட்டினார். தாளில் செருகியிருந்த கிளிப் துள்ளிப் போய் அட்டையில் ஒட்டிக்கொண்டது.

டாக்டர் கிளிப்பைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிவிட்டது.

“ஐயய்யோ, காந்தம்!” மனைவி கடைசி வரிசையிலிருந்து நாற்காலிகளை இடித்துக்கொண்டு ஓடி வந்தாள். “என் கையாலேயே வச்சேனே! கழட்டுங்க முதல்ல!”

அவர் கை அட்டை மேலேயே நின்றது.

“நல்லாத்தானடி இருக்கு.”

“குரல் நல்லா இருக்கும். நீங்க கீழ கிடப்பீங்க. கழட்டுங்கன்னா!”

கழற்றினார். அரங்கம் காத்திருந்தது. “ஐந்தாவது மேடையில்...” என்றபோது குரல் தகரமாகியது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பையோடு நின்றவர் மட்டும், “இன்னொரு முறை” என்று கேட்டார்.

காப்பி இடைவேளையில் டாக்டர் இறங்கிவந்தார். அறிவிக்கும்போது மட்டும், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு, அட்டையை ஒட்டிக் கருவியைத் தூங்கவைக்கலாம் என்றார். மனைவி ஒரு நிபந்தனை போட்டாள்.

“மைக்க மூடினா அட்டை கையில வரணும். திடீர் திடீர்னு வந்து பாப்பேன்.”

‘நோயாளி’ அட்டையுடன் அவர் கண்ணாடி அறைக்குத் திரும்பினார். ஒரு வாரம் கேட்டுவிட்டு அதிகாரி, தொண்டை இல்லாத பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஒருநாள் ஒரு அம்மாள் கூடையோடு ஜன்னலுக்கு வந்தாள்.

“தம்பி, அந்தப் பெரியவர் எங்க?”

“எந்தப் பெரியவர்?”

“கரகரன்னு பேசுவாரே. போய்ச் சேந்துட்டாரா?” அவள் கண் கலங்கியிருந்தது. “நீயும் நல்லாத்தான் சொல்ற, இல்லேங்கல. ஆனா அவர் சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை.”

அவர் ஜன்னல் பக்கம் குனிந்தார்.

“உங்களுக்கு எந்த பஸ்மா?”

அவள் சொன்னாள். அது நான்காவது மேடையில் ஏற்கனவே உறுமிக்கொண்டிருந்தது. அவர் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, பொறு என்று சைகை காட்டிவிட்டு, கருவி நரம்பைச் சுண்டுவதற்காக ஒலிவாங்கியின் முன் காத்திருந்தார்.