வரிசை கலையவில்லை

இத்தாலியின் பலெர்மோ நகரில் நான் வேலை செய்யும் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு வயதான சிஞ்ஞோராவை, அந்த வீட்டு அம்மாவை, பராமரிப்பவள் லிலியானா. சோவியத் உடைந்தபோது தனியாகிய குட்டி நாடான மால்டோவாக்காரி. அந்த ஞாயிறு அவளுடைய நாட்டுத் தேர்தல். போர்கோ வெக்கியோ என்ற பகுதியில் ஒரு மண்டபத்தில், இங்கிருக்கும் அவள் நாட்டவர்களுக்கு வாக்களிப்பு. துணைக்குப் போனேன்.

"நாட்டை விட்டே வந்திட்டாய், பிறகேன் வாக்கு?" என்று வரிசையில் கேட்டேன்.

"பெரிய நாடொண்டு எங்களை இன்னும் தன்ரை வளவு எண்டு நினைக்குது. இல்லையெண்டு சொல்ல எனக்கு இது ஒண்டுதான் இருக்கு."

திடீரென்று பொலிஸார் எல்லோரையும் வெளியேற்றினார்கள். உள்ளே குண்டு இருப்பதாக யாரோ ஃபோன் பண்ணியிருந்தார்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் நான் தெருவில் குப்புற விழுந்து படுத்துவிட்டேன். யாழ்ப்பாணத்துச் சண்டையில் பழகிய உடம்பு.

லிலியானா என்னைத் தூக்கி நிறுத்தினாள். "நீ வீட்டை போ. நான் நிப்பன். நாங்கள் வாக்குப் போடாமல் ஓடவேணும் எண்டுதான் அவங்கள் ஃபோன் எடுத்தவங்கள்."

தெருமுனையில் அதே வரிசை, முன்பின் மாறாமல், மறுபடி நின்றது. ஒருவரும் போகவில்லை.

"நானும் நிக்கிறன்," என்றேன்.

எனக்கு இத்தாலியில் வாக்கில்லை. இங்கிருந்து இலங்கைக்கும் போட முடியாது. ஆனாலும் முழங்காலில் இரத்தம் காயக் காய, கதவு திறக்கும்வரை நின்றேன். எத்தனையோ வருடமாகப் பயத்தின் சொல் கேட்ட உடம்பு, அன்றைக்குத்தான் என் சொல் கேட்டது.