ஊசியில் இருந்தது மிளகு

நான் கல்லறைக் கல் வெட்டுகிறவன். ரோமாபுரியின் கப்பேனா வாசலைத் தாண்டியதும் சாலையோரம் என் பட்டறை. செத்துப்போன பெண்களைப் பற்றி இந்த ஊரில் என்னைவிட அதிகமாகப் பொய் எழுதியவர்கள் சரித்திரம் எழுதுகிறவர்கள் மட்டும்தான். என் பொய் ஒரே பொய்: ‘வீட்டைக் காத்தாள், கம்பளி நூற்றாள்.’ வாயாடியோ, குடிகாரியோ, புருஷனை மூன்று தடவை மாற்றியவளோ, கல்லுக்கு வந்துவிட்டால் கம்பளி நூற்றவள்தான். அத்தனை பேரும் நிஜமாகவே நூற்றிருந்தால் இத்தாலியில் ஆடுகள் போதாது. நான் அந்த வரியை முன்கூட்டியே செதுக்கி அடுக்கிவைத்திருப்பேன். ஆள் போனதும் பெயரைச் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.

பட்டறைக்கு மேல்மாடியில் தாலூசா குடியிருந்தாள். கல்யாணப் பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்வது அவள் பிழைப்பு. சிரியாவிலிருந்து அடிமையாக விலைக்கு வந்தவள். பழைய சக்கரவர்த்தியின் மனைவிக்கு வருஷக்கணக்காகத் தலை வாரிவிட்டு, அந்த அம்மாள் கையாலேயே விடுதலை பெற்றாள். சக்கரவர்த்தி செத்தார், அடுத்து வந்தவன் அந்த அம்மாளை ஒரு தீவுக்குத் துரத்தினான், அங்கேயே அவளும் போய்ச் சேர்ந்தாள். அவளைப் பற்றி ஊர் என்ன பேசினாலும் தாலூசா வாயைத் திறக்கமாட்டாள். சீப்பு மட்டும் கொஞ்சம் வேகமாக ஓடும்.

கார்வீலியுஸ் அவளைத் தேடி வந்த அன்று நான் அங்கேதான் இருந்தேன். அவளுடைய முக்காலி ஒன்று ஆடுகிறதென்று சரிசெய்துகொண்டிருந்தேன். செனட்டர் வீட்டு மனிதர், வயது ஐம்பதிருக்கும், மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. பழைய சக்கரவர்த்தியின் காலத்தைச் சரித்திரமாக எழுதுகிறாராம். அந்த அம்மாளை நேரில் பார்த்தவர்கள் யாரும் மிச்சமில்லை, நீதான் சொல்ல வேண்டும் என்றார். குரலில் பணிவு இருந்தது. அதை நான் மறுக்கமாட்டேன்.

தாலூசா சீப்பைக் கீழே வைத்தாள்.

“நடந்தத நடந்தபடி எழுதுவீங்களா ஐயா?”

“கோபமும் இல்லாம, தயவும் இல்லாம எழுதுவேன்மா. என் சித்தப்பாவ அந்த அரண்மனை உத்தரவு போட்டுத்தான் கொன்னாங்க. ஆனா எழுதறப்போ அத ஓரமா வச்சிருவேன்.”

“உங்க சித்தப்பா விஷயம் உண்மைதான். எஜமானி சம்மதிச்சாங்க. நான் அப்ப பின்னல் போட்டுட்டிருந்தேன்,” என்றாள் தாலூசா. அவர் முகம் வெளுத்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை. “அவங்க நல்லவங்கன்னு நான் சொல்லல. பின்னல் கோணலாப் போச்சுன்னா கொண்டை ஊசியாலயே என் கையில குத்துவாங்க. இதோ பாருங்க தழும்பு. ஆனா புருஷனுக்கு விஷம் வச்சாங்கன்னு சொல்றாங்களே, அது மட்டும் பொய். அவரு காய்ச்சல்ல செத்தாரு. வாந்தி ஏந்தினது அவங்க, பாத்திரத்தக் கழுவினது நான். செஞ்ச பாவமே வண்டி வண்டியா இருக்கு, செய்யாதத எதுக்கு ஏத்தணும்?”

நான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன். எத்தனை வருஷமாகப் பழகுகிறாள், என்னிடம்கூட இதைச் சொன்னதில்லை.

அப்புறம் அவள் மடை திறந்த மாதிரி பேசினாள். சபை கூடும்போது அந்த அம்மாள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்பாளாம். கடைவாய்ப் பல் எப்போதும் வலிக்குமாம். வலிக்கிறதென்று வெளியே தெரிந்தால் ‘பொம்பளைக்கு எதுக்குச் சபை’ என்று சிரிப்பார்களே! அதனால் தாலூசாவே ஒரு வழி செய்தாள். உள்ளே குடைந்த வெள்ளி ஊசி, அதில் மிளகுத்தூள். திரைக்குப் பின்னால் கொண்டையிலிருந்து உருவி, ஒரு சிட்டிகை எடுத்துப் பல்லில் அழுத்திக்கொள்வாள்.

“உள்ள குடைஞ்ச ஊசியா?” என்று கேட்டார் கார்வீலியுஸ்.

“ஆமாங்கய்யா. என் யோசனைதான்,” என்றாள் தாலூசா. அவள் முகத்தில் அவ்வளவு பெருமையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மெழுகுப் பலகையில் எழுதிக்கொண்டிருந்த அவருடைய அடிமையும் தலையை நிமிர்த்திப் பார்த்தான்.

குளிர்காலம் முடிந்ததும் கார்வீலியுஸ் தம் சரித்திரத்தை நண்பர்கள் முன்னால் வாசித்தார். எழுதியவர்கள் எல்லோரும் இங்கே அப்படித்தான் செய்வார்கள். வாடகை மண்டபம், முன்வரிசையில் செனட்டர்கள், பின்னால் ‘அபாரம்! அபாரம்!’ என்று கத்துவதற்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்த கூட்டம். தாலூசாவுக்கும் அழைப்பு வந்தது. துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். இருப்பதிலேயே நல்ல மேலாடையைப் போட்டிருந்தாள். பெண்களுக்கு இடம் ஒரு திரைக்குப் பின்னால்.

“பாத்தியா ஹிலாருஸ், எஜமானி மாதிரியே நானும் திரைக்குப் பின்னால,” என்று சிரித்தாள்.

மனிதர் நன்றாக எழுதியிருந்தார். அதுதான் எனக்கு எரிச்சல். அந்த அம்மாளின் நடை, குரல், சித்தப்பாவின் சாவு, எல்லாம் கண்முன் நின்றது. பிறகு சக்கரவர்த்தியின் கடைசி நாட்கள் வந்தன. காய்ச்சல் என்றார். தாலூசா தலையாட்டியிருப்பாள். அடுத்த வாக்கியம்: ‘அவள் கொண்டையில் உள்ளே குடைந்த ஊசி ஒன்று எப்போதும் இருந்ததென்றும், தலை அலங்காரம் செய்த அடிமைப் பெண் ஒருத்தி அதை நிரப்பிக் கொடுத்தாள் என்றும் சிலர் சொல்கிறார்கள். நான் இதை நம்பவில்லை. ஆனாலும் விட்டுவிட மனம் வரவில்லை.’

மண்டபமே அதிர்ந்தது. சாப்பாட்டுக்கு வந்த கூட்டம்கூட நிஜமாகவே கைதட்டியது.

தாலூசா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். “சிலர் சொல்றாங்களாம். எந்தச் சிலர்? நான் ஒருத்திதானே சொன்னேன்!”

கூட்டம் கலையும்வரை நின்று அவரைப் பிடித்தோம். அவர் எங்களை விரட்டவில்லை, உட்காரச் சொன்னார்.

“நம்பலன்னுதானேம்மா எழுதியிருக்கேன்.”

“நம்பலன்னா எதுக்குய்யா எழுதணும்? மிளகுன்னு சொன்னேனே, அது எங்க போச்சு?”

“பல்வலியச் சரித்திரத்துல எழுதினா சிரிப்பாங்க தாலூசா. ஒரு சக்கரவர்த்தியோட சாவும் மிளகுத்தூளும் ஒரே பக்கத்துல நிக்காது.”

“அவங்க நல்லவங்களா இருந்திருந்தா என்ன எழுதியிருப்பீங்க?”

பொய் சொல்ல வரவில்லை அவருக்கு. “ஒண்ணும் எழுதியிருக்கமாட்டேன்.”

“கம்பளி நூத்தாள்னு நான் செதுக்கியிருப்பேன்,” என்றேன் நான். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கே வெட்கமாக இருந்தது.

“அந்த ஒரு வரிய எடுத்துருங்கய்யா. உங்க கால்ல விழறேன்,” என்றாள் தாலூசா.

“பிரதி எடுக்கறவங்க கைக்குப் போயிருச்சும்மா,” என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். அந்த வருத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வேனில் வருவதற்குள் ஊருக்குள் அவளுக்கு ‘ஊசிக்காரி’ என்று பெயர் விழுந்துவிட்டது. பெண்ணைப் பெற்ற தாய்மார் வேறு ஆளைத் தேடிப் போனார்கள். வந்த ஒன்றிரண்டு பேரும் அவள் ஊசியை எடுக்கும்போது தோளைக் குறுக்கிக்கொண்டார்கள். குளிக்கும் இடத்தில் ஒருத்தி, “எம் மாமியாருக்கு ஒரு ஊசி கிடைக்குமா அக்கா?” என்று கேட்டாளாம். எல்லோரும் சிரித்தார்களாம். இதைச் சொல்லும்போது தாலூசா சிரிக்கவில்லை.

ஒருநாள் கீழே இறங்கி வந்தாள். “எனக்கு ஒரு கல்லு வேணும். உயிரோட இருக்கறப்பவே எழுதி வச்சிரணும்.”

பழக்கதோஷம், அடுக்கிலிருந்து நல்ல கல்லாக ஒன்றை உருவி நீட்டினேன். பார்த்ததும் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

“கம்பளியா? நான் என்னிக்குடா நூத்தேன்? நீயும் அந்த ஆளும் ஒண்ணுதான். அவரு எல்லாரையும் விஷக்காரி ஆக்குவாரு, நீ எல்லாரையும் நூல் நூக்க வைப்ப. நடுவுல ஒருத்தியும் இருந்ததே இல்லியா?”

அந்தக் கல்லைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தை இழைத்தேன். ஒரு சீப்பும் ஊசியும் செதுக்கினேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லச் சொல்ல வெட்டினேன்: ‘வழிப்போக்கனே, நில். நான் தாலூசா. தலை அலங்காரம் செய்தவள். அந்த ஊசியில் இருந்தது மிளகு.’

“போதுமா அக்கா?”

“போதும். இனி யாரு என்ன சொன்னாலும் கல்லு சொல்லும்,” என்றாள். அன்றைக்குத்தான் அவள் முகம் தெளிந்தது. மறு குளிர்காலத்தில் இறந்துபோனாள். சாம்பலைப் புதைத்து, சாலையைப் பார்த்தபடி கல்லை நானே நட்டேன்.

போன மாதம் அந்த வழியாகப் போனேன். கழுதை ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர் கல்லருகே நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவனுக்குப் படிக்கத் தெரியும்; எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தான்.

“எந்த ஊசி?” என்று கேட்டான் மற்றவன்.

“தெரியாதா? பழைய சக்கரவர்த்திய அவரு பொண்டாட்டி ஊசில விஷம் வச்சுக் கொன்னாளே, அதுதான். நெரப்பிக் குடுத்தவ இவதான் போல.”

“மிளகுன்னு போட்டிருக்கே?”

“போடாம? விஷம்னு கல்லுல யாராவது எழுதுவாங்களாடா?”

நான் கத்தினேன். “மிளகுதான்டா! பல்வலிக்கு வச்ச மிளகு! எனக்குத் தெரியும்டா!” அவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்து, பாதி ரொட்டியோடு கழுதைகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் உளியோடு போனேன். அந்தக் கடைசி வரியைச் சுரண்டிவிட்டால் அவள் வெறும் தாலூசாவாக, தலை வாரிவிட்டவளாக இருப்பாளே என்று தோன்றியது. உளியை எழுத்தின்மேல் வைத்தும்விட்டேன். ஆனால் இந்த ஊரில் சுரண்டிய கல்லைக் கண்டால் யாருமே சும்மா போகமாட்டார்கள். என்ன இருந்தது, ஏன் அழித்தார்கள் என்று நின்று விசாரிப்பார்கள். சொல்வதற்குச் ‘சிலர்’ எப்போதும் இருப்பார்கள்.

உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கல்லில் படிந்திருந்த தூசியைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.