பதில் வராத ஊர்கள்

உடுக்கையின் ஓசையாகவும், அவ்வோசை அடங்கியபின் எஞ்சும் மௌனமாகவும் நின்றருளும் அம்பலவாணன் திருவடி போற்றி. மார்கழித் திருவாதிரை நன்னாளாகிய இன்று, என் தங்கையின் மகளைப் பற்றிச் சிறிது எழுதத் துணிகிறேன்.

முதலில் நினைவில் எழுவது எங்கள் சமையலறை ஜன்னலில் இருந்த சிறிய வானொலிப்பெட்டி. இத்தாலியின் பலெர்மோ நகரில், நாங்கள் வந்து குடியேறிய அல்பெர்கேரியாப் பகுதியின் ஒடுங்கிய சந்தொன்றில், எதிர்வீட்டுத் துணிக்கொடி கைக்கெட்டும் தூரத்தில் தொங்கும் வீடு அது. பிற்பகலில் பல்லரோச் சந்தை மீன்காரரின் கூவல் ஓய்ந்ததும் தங்கை பெட்டியைத் திருகுவாள். மருமகளின் குரல் இத்தாலிய மொழியில் வரும். அதன்பின் கித்தார்கள் அலறத் தொடங்கும். தகரக்கூரையைத் தெருவில் இழுத்துச் செல்வது போன்ற அந்த இசைக்கு மாற்று ராக் என்று பெயராம். பண்ணோடு பதிகம் ஓதிப் பழகிய என் செவிக்கு அது பெருஞ்சோதனை. மாலையில் மருமகள் வீடு திரும்பியதும் நான் குறை சொன்னால் சிரிப்பாள். "மாமா, இதுவும் அழுகைதான். உங்கட ஆக்கள் சாமியிட்டை அழுதவை. இவைக்கு அழ ஒருத்தருமில்லை, அதுதான் இவ்வளவு சத்தம்."

அவள் வேலைசெய்த நிலையம் தனித்ததன்று. சிசிலித் தீவின் ஐந்து ஊர்களிலிருந்த சிறு நிலையங்கள், பெருமுதலாளி எவரையும் சாராமல் கைகோத்து நடத்திய வானொலி அது. ஒவ்வோர் ஊரும் தன் முறைக்குப் பாட்டுப் போடும். முறை முடிந்ததும் அறிவிப்பாளர் அடுத்த ஊரைப் பெயர்சொல்லி அழைப்பார்: "திராப்பனி, இருக்கிறாயா?" அங்கிருந்து "இருக்கிறேன், பலெர்மோ" என்று குரல் வந்த பின்னரே தம் ஒலிவாங்கியை அணைப்பார். தலங்களைப் பெயர்சொல்லி விளிக்கும் பாடல்களோடு வளர்ந்த எனக்கு, அந்த இரைச்சலுள் இந்த வழக்கம் ஒன்றுதான் பிடித்திருந்தது.

விளம்பரங்கள் குறைந்தன. திராப்பனி முதலில் அடங்கியது. பிறகு அக்ரிஜெந்தோ, ரகூசா, மெஸ்ஸினா. பலெர்மோ மட்டும் எஞ்சியது. மருமகளோ தன் நிகழ்ச்சியின் முடிவில் நான்கு ஊர்களையும் அழைத்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு மூச்சளவு காத்திருப்பாள். வானொலியில் அந்த வெறுமை கேட்பதற்கு அச்சமாக இருக்கும். நிலைய இயக்குநர் கெட்டவர் அல்லர், கடனில் மூழ்கிக்கொண்டிருந்தவர். மௌனம் வந்தால் கேட்பவர்கள் வேறு நிலையத்துக்குப் போய்விடுவார்கள், இன்னொரு முறை அழைத்தால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

வேலை போவது எங்களுக்கு வெறும் வேலை போவதன்று. அந்த ஒப்பந்தத்தைக் காட்டித்தான் அவளுடைய வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குரிய தவணையும் நெருங்கியிருந்தது. தங்கை சோற்றுப்பானையை இறக்கிவைத்துவிட்டுக் கத்தினாள்.

"எடியே, உனக்கென்ன விசரே? பெர்மெஸ்ஸோ குடுக்கிற க்வெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலை போய் என்னத்தைக் காட்டப்போறாய்? உன்ரை கித்தார்ப் பாட்டையோ?"

"அம்மா, திராப்பனிப் பெடியன் கதைச்சுக்கொண்டிருக்கேக்கையே லைனைப் புடுங்கினவங்கள். போட்டுவாறன் எண்டு சொல்லக்கூட விடேல்லை. பேரையாவது ஒருத்தர் சொல்ல வேணுமெல்லோ?"

நானும் குறுக்கிட்டேன். "ஆளில்லாத இடத்தை ஏன் பிள்ளை கூப்பிடுறாய்?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உங்கட சாமி எப்பவாவது பதில் சொன்னவரோ, மாமா? நீங்கள் நிப்பாட்டினனீங்களோ?"

தங்கை "சிவசிவா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அபசாரம் என்று கடிந்துகொள்ள வாயெடுத்தவன், எழுந்துபோய்ச் சாமி விளக்குக்கு எண்ணெய் விட்டேன்.

மறுநாள் பிற்பகல் நாங்கள் இருவரும் பெட்டியின் முன்னே அமர்ந்திருந்தோம். கடைசிப் பாட்டு முடிந்தது. "கூப்பிடாதை, கூப்பிடாதை," என்று தங்கை சேலைத் தலைப்பை வாயில் வைத்து முணுமுணுத்தாள். மருமகள் அவசரப்படாமல் அழைத்தாள். திராப்பனி. மௌனம். அக்ரிஜெந்தோ. மௌனம். ரகூசா என்றபோது அவள் குரல் சற்றே இடறியது. மெஸ்ஸினாவுக்குப் பின் அவள் நெடுநேரம் காத்திருந்ததாக எனக்குத் தோன்றிற்று. "கேக்குது பிள்ளை," என்று நான் பெட்டியைப் பார்த்துச் சொன்னேன். அவளுக்கு அது எப்படி எட்டும்?

அன்றே வேலை போயிற்று. வேறு ஒப்பந்தம் கிடைக்குமுன் தவணையும் கடந்தது. வடக்கே ஏதோ ஒரு நகரில், வதிவிடக் கடதாசி கேட்காத சலவைக்கூடம் ஒன்றில் அவள் இப்போது வேலைசெய்கிறாள். அந்த நிலையமும் அடுத்த கோடைக்குள் மூடப்பட்டது. மருமகள் முதலில் வாரந்தோறும் தொலைபேசியில் பேசினாள், பிறகு விசேட நாள்களில் மட்டும், பிறகு அதுவுமில்லை. தங்கை அவள் பெயரை வீட்டில் எடுப்பதில்லை.

இன்று விடியலில் நீராடிப் பதிகம் ஓதினேன். விளக்கு அசையவில்லை, வழக்கம்போல் எந்த மறுமொழியும் இல்லை. ஓதி முடித்து அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. நாளையும் எடுப்பேன்.

இதனைப் படிப்போர் அனைவரும் நோயின்றி வாழ்க. அவர்கள் அழைக்கும் வேளையில் "இருக்கிறேன்" என்று சொல்ல ஒரு குரல் அவர்களுக்கு வாய்க்க ஐயன் அருள்க.