வோக்கர் வீட்டுச் சம்பந்தம்

எங்கள் வீட்டில் கலியாணப் பேச்சு வந்தால் விசாரிப்பது அண்ணைதான். எந்த ஊர், எந்தக் குறிச்சி, யாருடைய பகுதி என்று நாலு இடத்துக்குப் போன் அடித்தாரென்றால் மாப்பிள்ளையின் பூட்டன் வரைக்கும் கைக்குள் வந்துவிடுவார். லண்டனுக்கு வந்து இத்தனை வருடமாகியும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. என் மகள் ஒரு வெள்ளைக்காரப் பெடியனைக் கட்டப்போகிறேன் என்றபோதுதான் மனிதருக்குக் கை ஒடிந்தமாதிரி ஆயிற்று. யாருக்குப் போன் அடிப்பது?

பெடியனின் குடும்பப் பெயர் வோக்கர். அண்ணை அதைப் பிடித்துக்கொண்டு இணையத்தில் இறங்கினார். வோக்கர் என்றால் இங்கிலிசில் நடப்பவர்; யாரோ ஊர் சுற்றி நடந்தவர்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் அந்தப் பெயர்க்காரர் அந்தக் காலத்தில் நெய்த கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டுக் காலால் மிதித்து அழுக்கெடுத்தவர்களாம். அண்ணை உடனே அதை எங்கள் ஊர்க் கணக்கில் போட்டு, அது என்ன சாதி என்று முடிவும் கட்டிவிட்டார்.

"உந்தச் சம்பந்தத்துக்கு நான் மணவறையில இருக்கேலாது" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. என் கணவர் உயிரோடு இல்லை. மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க அண்ணையையும் அண்ணியையும்தான் நம்பியிருந்தேன். விதவை மணவறைப் பக்கம் போகக்கூடாது என்பதும் அண்ணையின் சட்டம்தான்.

சமாதானம் செய்யலாமென்று ரெய்னர்ஸ் லேனில் என் வீட்டில் இரண்டு பகுதிக்கும் சாப்பாடு வைத்தேன். மாப்பிள்ளையின் தகப்பன் கலகலப்பான மனிதர். இடியப்பத்தைக் கையால் பிய்த்துக்கொண்டே தன் பெயரின் கதையை அவரே எடுத்துவிட்டார். தொட்டியில் பழைய மூத்திரமும் ஊற்றித்தான் மிதிப்பார்களாம். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணை சொதியைத் தள்ளி வைத்தார். உங்கள் ஆட்களுக்கு என்ன தொழில் என்று மாப்பிள்ளையின் தகப்பன் ஆசையாகக் கேட்டார். எங்களுக்கு நிறையக் காணி இருந்தது என்றார் அண்ணை. அதில் வேலை செய்தது யார் என்று அந்த மனிதர் கேட்டார், ஒரு சூதும் இல்லாமல். அண்ணை கை கழுவ எழும்பிப் போனார்.

அவர்கள் போனபிறகு, மணவறையில் தான் இருக்கப்போவதில்லை என்று அண்ணை வாசலில் நின்று மறுபடியும் சொன்னார்.

"வந்து முன்வரிசையில இருங்கோ அண்ணை. தாரையை நான் வாக்கிறன்" என்றேன்.

கலியாணத்தன்று ஐயர் செம்பை என்னிடம் தந்தார். வாங்கி வார்த்தேன். நிமிர்ந்து, கோபத்தோடுதான், அண்ணையைத் தேடினேன். முன்வரிசையில் அண்ணி மட்டும் தனியே வந்து இருந்தார்.